காலில் கட்டிய பின் கியர்

அந்த அன்ரி என்னைச் செருப்பால் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்த வீட்டின் பின்வாசலில் வைத்து அடித்தார். மூன்று அடி. முதல் அடி காதில் விழுந்தது, மற்ற இரண்டும் கழுத்தில். நான் கையை உயர்த்தவில்லை. அவருடைய மகனின் அழைப்பு தவறிப்போனதற்கு நான்தான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், என் சைக்கிளின் பின் கியர்.

அப்போது நான் காலி வீதியில் ஒரு கொமினிகேஷனில், காசுக்கு ரெலிபோன் பேசும் கடையில், வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கடை நம்பருக்கு ரெலிபோன் எடுப்பார்கள். இன்ன ஒழுங்கை, இன்ன வீடு, இன்ன ஆள் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் திரும்ப எடுக்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். அதற்குள் ஆளைக் கூட்டிவருவது என் வேலை. முன்பு ஆட்கள் கடைக்குள் வாங்குப் பலகையில் இருந்து காத்திருப்பார்கள். ஒருநாள் ஆமி ஜீப் வந்து வாங்கில் இருந்த ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏறத் தாமதித்த ஒரு பெரியவருக்குத் துவக்குப் பிடியால் வாயில் விழுந்தது. பல் ஒன்று தரையில் கிடந்ததை நான்தான் கூட்டி அள்ளினேன். அன்றைக்கே முதலாளி வாங்கைக் கோடாலியால் கொத்தி விறகாக்கினார். அதன் பிறகு யாரும் கடையில் காத்திருக்கக் கூடாது என்று ஆயிற்று. எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு பல ஊர்களில் இருந்திருக்கிறேன், எதிலும் ஒரு வருஷம் முழுதாக இல்லை. கொட்டாஞ்சேனையில் பதினொரு மாதம் மூட்டை சுமந்தேன். அங்கே நான் தங்கிய லொட்ஜைப் பொலிஸ் சுற்றிவளைத்தபோது பின்மதிலால் குதித்து வந்ததுதான் வெள்ளவத்தைக்கு.

வெள்ளவத்தை ஒழுங்கைகள் சீப்பின் பற்கள் போல. எல்லாம் காலி வீதியில் தொடங்கிக் கடலில் முடியும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டே வழி. மேலே காலி வீதியால் போகலாம்; அங்கே சாவடிக்குச் சாவடி அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்துண்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். பத்து நிமிஷம் முதல் சாவடியிலேயே முடிந்துவிடும். மற்ற வழி கீழே, தண்டவாளத்தின் ஓரம். அங்கே முழுவதும் கருங்கல். முஷ்டி அளவுக் கல், தலை அளவுக் கல், அலைக்குப் போட்ட பாறை. முதலாளி வாங்கித் தந்தது யப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த மலைச் சைக்கிள். ஏழு பல்லுச் சில்லு பின்னால், மூன்று முன்னால். கொழும்பில் மலை எங்கே என்று ஆட்கள் சிரித்தார்கள். மலை இல்லை. கல் இருந்தது.

பின் கியர் என்பது பின் சில்லின் பக்கத்தில், நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கும் இரும்புக் கை. அதுதான் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும், தொய்யாமல் இழுத்தும் பிடிக்கும். சைக்கிளில் எல்லாவற்றையும்விடப் பாவப்பட்ட இடத்தில் இருப்பதும் அதுதான். ஐந்து மாதத்தில் நான் மூன்றை உடைத்தேன். முதலாவது கல்லில் அடிபட்டு வளைந்து கம்பிக்குள் போய், சில்லைப் பூட்டி, என்னைத் தண்டவாளத்தின் மேலால் எறிந்தது. கீழுதட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. இரண்டாவதை உப்புக்காற்று தின்றது. மூன்றாவது அந்த ஞாயிற்றுக்கிழமை, சிலிப்பர்க் கட்டையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டில் அடித்து, அதைத் தாங்கும் காதோடு பிய்ந்து வந்தது. பின்னால் ரயில் ஊதிக்கொண்டு வந்தது. சைக்கிளை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் விழுந்தேன். மிதிபலகையில் தொங்கி வந்த ஒருவன் போகிற போக்கில் என் தோளில் உதைத்துவிட்டுப் போனான். அவன் என்னை அறியான். அந்தக் காலத்தில் உதைப்பதற்கு ஆளை அறிந்திருக்கத் தேவையில்லை.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அன்ரிக்கு முழங்கால் வீக்கம், நடை மெதுவு. பொலிஸ் பதிவின் தவணையும் முடிந்துபோயிருந்தது, மேல் வழியால் கூட்டிப்போக முடியாது. நாங்கள் கல்லில் தடுக்கித் தடுக்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி ரெலிபோனை வைத்துவிட்டார்.

"ரெண்டு தரம் எடுத்திட்டான். வரேல்லை எண்டு சொன்னன்," என்றார். "அடுத்த ஞாயிறு பின்னேரம் எடுப்பானாம். அதுதான் கடைசியாம். அதுக்குப் பிறகு ஏஜென்சிக்காரங்கள் காட்டுக்காலை நடத்திக்கொண்டு போகப் போறாங்களாம், எல்லை தாண்டுறதுக்கு. பிறகு எடுக்கேலாதாம்."

அன்ரி என்னோடு வீடுவரைக்கும் நொண்டிக்கொண்டு வந்தார். பின்வாசலில் ஏறி, செருப்பைக் கழற்றித்தான் பேசினார்.

"ரெண்டு மாசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன்ரா! ரெண்டு மாசம்! உன்ரை சைக்கிளைக் கொண்டுபோய்க் கடலுக்கை போடு!"

சைக்கிளை இழுத்துவந்து கடையின் பின்பக்கம் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு மருதானைக்குப் போக நேரம் கிடைத்தது. யப்பான் சைக்கிள்களைக் கழற்றி விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். பின் கியர்கள் மட்டும் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடந்தன.

"எங்க ஓட்டுறீங்க தம்பி?" என்று கேட்டார்.

"தண்டவாளத்துக்குப் பக்கத்திலை, கல்லுக்காலை."

"பைத்தியமா ஒங்களுக்கு? ரோட்டு ஒண்டு ஈக்கிதானே?"

"ரோட்டிலை ஆமி ஈக்கிதே நானா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

பளபளப்பான நீளக் கை உள்ளவற்றை எடுத்து எடுத்து முன்னால் வைத்தார். மூன்று உடைத்தவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீளக் கைதான் முதலில் கல்லில் அடிபடும், அவ்வளவையும் ஒதுக்கினேன். குட்டைக் கை உயரத்தில் நிற்கும், ஆனால் அதனால் நிறையச் செயினை இழுத்துப் பிடிக்க முடியாது. அதற்கு, சைக்கிளின் முன்பக்க மூன்று பல்லுச் சில்லில் இரண்டைக் கழற்றிவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் வைத்தால் சரி. கல்லில் ஓடுகிறவனுக்கு அவ்வளவு கியர் எதற்கு? குட்டைக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மூட்டு ஆணிகளில் ஆட்டம் அதிகமிருந்தால் பெட்டிக்குள் திருப்பிப் போட்டேன். ஸ்பிரிங்கை விரலால் இழுத்துவிட்டேன். சோம்பலாகத் திரும்பினால் செயின் துள்ளி விழும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதையும் விட்டேன்; சட்டத்துக்குக் கீழே ஒடுங்கி நிற்பதுதான் வேண்டும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வெள்ளி நிற அலுமினியம். பாரமில்லை, ஆட்டமில்லை, புதுசு மாதிரி. மற்றது கறுப்பு இரும்பு. கல் மாதிரிப் பாரம், முழுக்கக் கீறல், மூட்டில் கொஞ்சம் ஆட்டம். ஆனால் அதன் ஸ்பிரிங் என் விரலைக் கடித்தது.

"வெள்ளய எடுங்க. கறுப்பு மாட்டு வண்டிக்குப் போடுற சாமான்," என்றார்.

எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று உடைந்தால் கையில் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கினேன். காது ஒன்றும் நாலு முழக் கேபிளும் வாங்கினேன்.

பிறகு நான் செய்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யோசித்துச் செய்திருந்தால் சொல்லலாம். கடையின் பின்பக்கம் போய், காற்சட்டைக் காலை உயர்த்தி, வெள்ளிக் கியரை இடது கெண்டைக்காலிலும் கறுப்பை வலது காலிலும் பழைய துணியால் இறுக்கிக் கட்டினேன். கேபிளைத் தொடையில் சுற்றினேன்.

யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி, சைக்கிள் சாமான் எதுவும் கொண்டுபோக ஆமி விடாத காலம் ஒன்று இருந்தது. கண்டால் பறிப்பார்கள், பறித்துவிட்டு அடிப்பார்கள். சாமானைக் காலில் கட்டி அதன் மேல் சாரத்தை உடுத்துக்கொண்டு சாவடி தாண்டித்தான் எங்கள் ஊர்ச் சைக்கிள்கள் ஓடின. நான் அப்படி எத்தனை தரம் தாண்டினேன் என்று கணக்கில்லை. கொழும்பில் இந்தச் சாமானுக்குத் தடை கிடையாது. கையில் தூக்கிக்கொண்டு யாரும் போகலாம். அது என் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி இது? களவெடுத்த சாமான் மாதிரி காலுல கட்டுறீங்க? பையொண்டு தாறேன், போட்டுக் கொண்டுபோங்க."

"பழக்கம் நானா," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்தக் கிழமை நகரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. மருதானை ரயில் நிலைய வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தடவினார்கள். என் முறை வந்தது. பொலிஸ்காரனின் கைகள் நெஞ்சு, இடுப்பு, தொடை என்று இறங்கி, கெண்டைக்காலில் வந்து நின்றன. குந்தியிருந்தபடி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். அந்த முகத்தில் கோபம் இல்லை. சாகப்போகிறவனின் முகம் அது.

பிறகு கத்தினான்.

வாசலில் நின்ற சனம் முழுவதும் ஓடியது. ஒரு பெண் விழுந்தாள், அவளின் மேலால் ஓடினார்கள். நான் கைகளை உயர்த்தி, "பைசிக்கல், பைசிக்கல்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். யார் காதிலும் விழவில்லை. நான்கு துவக்குகள் என் தலைக்கு நேரே. குப்புறப் படுக்கச் சொன்னார்கள். சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவன் ஊர்ந்து வந்து கத்தியால் என் காற்சட்டையைக் கிழித்தான். வெடிக்கிற சாமான் இல்லை என்று அவன் சொன்னவுடன்தான் அடி தொடங்கியது. அவ்வளவு நேரமும் பயந்ததற்கான அடி. சப்பாத்துக்கால் விலாவில் விழுந்தது, துவக்குப் பிடி முதுகில் விழுந்தது. ஓடிய சனத்தில் சிலரும் திரும்பி வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அலுவலகக்காரர் தன் குடையின் கூரால் என் கழுத்தில் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரைச் சொன்னார். பஸ்ஸில் போன பிள்ளைகளாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரே கேள்வி. சைக்கிள் சாமான் என்றால் ஏன் ஒளித்தாய்? யாழ்ப்பாணத்தில் இப்படித்தான் கடத்துவோம் என்று சொன்னால் நான் வெளியே வரப்போவதில்லை. "பழக்கம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எதைப் பழகினாய் என்று கேட்டு, பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். எண்ணத் தொடங்கி இருபதோடு விட்டுவிட்டேன்.

கறுப்பும் வெள்ளியும் மேசையில் கிடந்தன. உள்ளே ஏதோ இருக்கிறது என்று நிலையப் பொறுப்பாளரான பெரியவருக்குச் சந்தேகம். சுத்தியல் எடுப்பித்தார். இரண்டையும் வாசற்படியில் வைத்து அடிக்கும்படி ஒரு பொலிஸ்காரனிடம் சொன்னார். முதல் அடியிலேயே வெள்ளி உடைந்தது. துண்டு துண்டாகத் தெறித்து, உள்ளே இருந்த ஸ்பிரிங் பறந்துபோய்ப் பெரியவரின் கன்னத்தைக் கீறியது. அவர் கன்னத்தைத் தடவி, விரலில் இரத்தத்தைப் பார்த்தார். அதற்கும் எனக்குத்தான் அடி.

பிறகு கறுப்பு. ஐந்து தரம் ஓங்கி அடித்தான். கூட்டின் தகடு வளைந்தது. ஒரு மூலை சப்பையாகிற்று. மூட்டு கழரவில்லை. ஆறாவது அடியில் சுத்தியல் துள்ளி அவன் பெருவிரலில் விழுந்தது. "மொக்கத மே!" என்று கத்தி, என்ன சாமான் இது என்று அதை மூலையில் எறிந்தான். வாயில் இரத்தத்தோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடையில் என்னால் தீர்மானிக்க முடியாததைத் தீர்மானித்துவிட்டார்கள்.

அறையில் பதினேழு பேர். இருக்க இடமில்லை. ஒரு வாளித் தண்ணீருக்காக இரண்டு பேர் ஒருவரையொருவர் கடித்தார்கள். ஒருவனின் காதுமடல் பிய்ந்து தொங்கியது. பிரித்துவிடப் போனவனுக்கு வயிற்றில் விழுந்தது. நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வெள்ளி. நாளைக்குச் சனி. அன்ரியிடம் போய் இரண்டாவது தரமும் தவறிவிட்டது என்று யார் சொல்வது? முதலாளி சொல்லமாட்டார்.

சனிக்கிழமை என்னை ஜீப்பில் ஏற்றி அந்தச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தவுடன் எழுந்து நின்றார்.

இவனுக்கு விற்றாயா? விற்றேன். பில் எங்கே? பழைய சாமானுக்குப் பில் எழுதுவதில்லை. அதற்கு அவருக்கும் ஓர் அறை விழுந்தது. அவருடைய தொப்பி பின் கியர்ப் பெட்டிக்குள் போய் விழுந்தது. அதை எடுக்காமலே சிங்களத்தில் சொன்னார்: "காலில் கட்டாதே என்று சொன்னேன் ஐயா. பையும் தருகிறேன் என்றேன். இவன் ஒரு பைத்தியம்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை வெளியே கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். ஜீப் வெளிக்கிடும்போது அவர் என் பக்கம் குனிந்து தமிழில், "இனி இந்தப் பக்கம் கால வெச்சிடாதீங்க. நானே ஒடச்சிப் போடுவேன்," என்றார். நியாயம்தான். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

ஞாயிறு காலை கையெழுத்து வாங்கிவிட்டு விட்டார்கள். வாசலில் ஒரு பொலிஸ்காரன், பெருவிரலில் துணி சுற்றியவன், கறுப்புக் கியரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"மேக்க ஹொந்தய்," என்றான். இது நல்ல சாமான் என்று. சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னான்.

காதும் கேபிளும் தந்தார்கள். அவற்றைக் கையில் பிடித்தபடி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தேன்.

முதலாளி என்னை உள்ளே விடவில்லை. "பொலிசிலை இருந்து வாற ஆளை நான் வைச்சிருக்கேலாது. நாளைக்கு உனக்குப் பின்னாலை அவங்கள் வருவாங்கள். வாங்கைக் கொத்தின மாதிரி கடையையும் கொத்தச் சொல்லுறியோ?"

"போறன் அண்ணை. இண்டைக்கு அந்த அன்ரியின்ரை கோல் மட்டும் எடுத்துக் குடுத்திட்டுப் போறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. "உந்தக் காலோடை நீ மிதிப்பியோ? சரி. அந்த மனுசியின்ரை கோல் மட்டும். பிறகு சைக்கிளை வைச்சிட்டு நட."

கடையின் பின்பக்கத்தில் இருந்து வேலை செய்தேன். வளைந்த தகட்டைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். காதைப் பூட்டினேன். முன்பல்லுச் சில்லுகளில் இரண்டைக் கழற்றினேன், செயினில் எட்டுக் கண்ணி குறைத்தேன். கேபிளைப் பூட்டி இழுத்துப் பார்த்தால் ஏழு பல்லில் மூன்றுதான் ஏறி இறங்கியது. சப்பையான மூலை மற்றவற்றுக்கு விடவில்லை. மூன்று காணும்.

நாலேகாலுக்கு மணி அடித்தது. முதலாளி எடுத்து, கையைக் காட்டினார்.

உள்ளங்கால் பெடலில் படும்போது கண்ணுக்குள் வெளிச்சம் வந்தது. குதிக்காலால் மிதித்தேன். கல் துள்ளித் துள்ளிச் சட்டத்தில் அடித்தது. அந்தப் போல்ட் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கண்ணால் தூரம் பிடிபடவில்லை. டணார் என்று பின் கியரில் விழுந்தது. உடம்பைச் சுருக்கிக்கொண்டு எறிபடக் காத்திருந்தேன். செயின் இருந்த பல்லிலேயே இருந்தது.

அன்ரி பின்வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கையிலிருந்த சீலைத் தலைப்பை விட்டார்.

"ஆரடா உன்னை உப்பிடி அடிச்சது?"

"பொலிஸ், அன்ரி."

"நான் அடிச்சது காணாதெண்டே அங்கையும் போனனீ?" என்று சொல்லிக்கொண்டே கரியரில் ஏறினார். விலாவில் உடைந்த இடம் பார்த்து இறுக்கிப் பிடித்தார். நான் கத்தினேன். "கத்தாதை, மிதி!" என்றார்.

இரண்டு பேரின் பாரத்தில் சில்லு கல்லுக்குள் புதைந்தது. தண்டவாளக் காவல்காரன் ஒருவன் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டு, கல் ஒன்றை எடுத்து எறிந்தான். அது அன்ரியின் முதுகில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் பிடியை மட்டும் இன்னும் இறுக்கினார்.

நாங்கள் கடைக்குள் நுழையும்போதே மணி அடித்தது. அன்ரி இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்தார்.

"சாப்பிட்டியோ? ... என்ன சப்பாத்து? ... ஈரமெண்டால் உள்ளுக்கை பேப்பரை வை. ... கேள், கேள். நடக்கேக்கை முன்னுக்குப் போகாதை. கடைசியாயும் வராதை. சுட்டால் முன்னுக்கும் பின்னுக்கும்தான் சுடுவாங்கள். நடுவிலை போ. விளங்குதோ? நடுவிலை."

அவ்வளவுதான். லைன் அறுந்தது. இன்னும் கொஞ்சநேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார். முதலாளி மெதுவாக வாங்கி வைத்தார். சைக்கிளைக் கேட்கவில்லை, கொண்டுபோய் விட்டிட்டு வா என்று தலையை ஆட்டினார். அடுத்த நாள் நான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினேன், மூட்டை சுமக்க. பின் கியரைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கழற்றி எங்கே கட்டுவது? விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் அன்ரியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும்போது கடல் பக்கத்திலிருந்து வெயில் முகத்தில் அடித்தது. அவசரமாக மிதித்தே பழகிய கால், வலியோடும் அப்படியே மிதித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கறுப்புக் கியர் ஒரு சத்தம் போட்டது. போல்ட் இருந்த இடத்துக்குக் கிட்டப் போகையில் அன்ரி என் முதுகில் தட்டினார்.

"மெதுவாய்ப் போடா," என்றார். "இனி ஒருத்தரும் எடுக்கப்போறதில்லை."